ஏர் ஃப்ரையரும் ஓவனும்: எதை எதில் வைக்கிறேன்

ஏர் ஃப்ரையர் வாங்கிய நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, அப்போ ஓவனை வித்துடலாமா?" என்று தங்கை கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார், அவருடைய கேள்வியில் கொஞ்சம் சந்தேகம் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். விற்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் முன்பு தொட்ட அளவுக்கு இப்போது நான் ஓவனைத் தொடுவதில்லை என்பதும் உண்மை. இரண்டும் வீட்டில் இருக்க இருக்க, வேலை தானாகவே இரண்டாகப் பிரிந்துகொண்டது. எது எந்தப் பக்கம் போனது, ஏன் போனது என்பதைச் சொல்கிறேன்.

ஏர் ஃப்ரையர் எதையும் பொரிப்பதில்லை. அது ஒரு சின்ன ஓவன். மேலே சூடாகும் காயில் (மின்சாரத்தில் சூடேறும் கம்பிச் சுருள்), அதை ஒட்டி வேகமாகச் சுழலும் விசிறி, கீழே ஓட்டைகள் உள்ள கூடை. சூடான காற்று மேலிருந்து இறங்கி, உணவின் இடுக்குகளில் புகுந்து, ஓட்டை வழியாக அடியில் இறங்கி, பக்கவாட்டில் மறுபடி மேலேறுகிறது. விசிறி வைத்த ஓவன் என்ற யோசனை ஒன்றும் புதிதல்ல. விமானத்தில் உறைந்த உணவைச் சூடாக்குவதற்காக 1940-களிலேயே அமெரிக்காவில் வில்லியம் மேக்ஸன் என்பவர் அப்படி ஒன்றைச் செய்திருக்கிறார். 2010-இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லினில் நடந்த மின்னணுக் கண்காட்சியில் தன் ஏர் ஃப்ரையரை அறிமுகப்படுத்தியபோது புதிதாக இருந்தது அதன் அளவுதான். வீட்டு ஓவனின் உள்ளிடம் பொதுவாக 50 முதல் 70 லிட்டர். ஏர் ஃப்ரையர் கூடையோ நாலு, ஐந்து லிட்டர். அவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு வேகமாகக் காற்றைச் சுழற்றினால் என்ன ஆகும் என்பதில்தான் இந்த இரண்டு சாதனங்களின் வித்தியாசமும் அடங்கியிருக்கிறது.

உணவு சூடாகும்போது அதன் ஈரம் ஆவியாகி, மேற்பரப்பை ஒட்டி ஒரு மெல்லிய ஈரக்காற்றுப் படலமாக நிற்கும். ஓவனில் அந்தப் படலம் மெதுவாகத்தான் விலகும். ஏர் ஃப்ரையரில் விசிறி அதை விடாமல் துடைத்துக்கொண்டே இருக்கிறது. காற்றடிக்கும் நாளில் கொடியில் போட்ட துணி சீக்கிரம் காய்வதைப் போலத்தான். மேற்பரப்பில் ஈரம் இருக்கும் வரை அதன் வெப்பம் 100 டிகிரி பக்கத்திலேயே நிற்கும். பொன்னிறமும் வறுத்த மணமும் வர கிட்டத்தட்ட 140 டிகிரி வேண்டும். அதனால் எது சீக்கிரம் காய்கிறதோ அதுதான் சீக்கிரம் முறுகும். இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு எதற்கும் செய்முறைப் பட்டியல் தேவைப்படவில்லை. இந்த உணவுக்குக் காற்று பிடிக்குமா, பிடிக்காதா? அது ஒன்றைத்தான் யோசிக்கிறேன்.

உருளைக்கிழங்குக்குப் பிடிக்கும். விரல் தடிமனுக்கு நறுக்கி, அரை மணி நேரம் குளிர்ந்த நீரில் போட்டு, வெளியே ஒட்டியிருக்கும் மாவுச்சத்து போகும்படி அலசி, துணியில் நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்த ஒற்றி எடுக்கும் வேலையைத்தான். ஈரத்தோடு போட்டால் முதல் சில நிமிடங்கள் நீரை விரட்டுவதற்கே போய்விடும். அரை கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் பிசிறினால் போதும். உப்பு கடைசியில், ஏனென்றால் முதலிலேயே போட்டால் அது உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும். 180 டிகிரியில் ஒரு பன்னிரண்டு நிமிடம், பிறகு 200-க்கு ஏற்றி இன்னும் ஆறேழு நிமிடம். நடுவில் இரண்டு தடவை கூடையைக் குலுக்க வேண்டும்.

குலுக்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஆரம்பத்தில் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தொப்பென்று மொத்தமாகப் புரளும். பாதி வெந்ததும் தனித்தனியாக உருள ஆரம்பிக்கும், ஆனால் சத்தம் மந்தமாக இருக்கும். மேல்தோல் காய்ந்து இறுகியதும் கூடைக் கம்பியில் பட்டு கலகலவென்று ஒலிக்கும். அந்தக் கலகல வந்த பிறகு இரண்டு நிமிடம், அவ்வளவுதான் கணக்கு. ஒவ்வொரு கிழங்கும் ஒவ்வொரு மாதிரி, ஒவ்வொரு இயந்திரத்தின் 180-ம் ஒவ்வொரு மாதிரி என்பதால், திரையில் ஓடும் நிமிடத்தைவிட இந்தச் சத்தத்தைத்தான் நான் நம்புகிறேன்.

இதையே ஓவனில் செய்தால் 220 டிகிரியில் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம், அதற்கு முன் ஓவன் சூடாக இன்னொரு கால் மணி நேரம். தட்டில் படும் பக்கம் அழகாக முறுகும், மேல்பக்கம் காயும், பக்கவாட்டுகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பேர் சாப்பிட அவ்வளவு நேரமா? எட்டுப் பேர் என்றால் கதை மாறிவிடும். பெரிய தட்டில் எல்லாவற்றையும் பரப்பி ஒரே தடவையில் எடுத்துவிடலாம். ஏர் ஃப்ரையரில் எட்டுப் பேருக்குச் செய்தால், கடைசிக் கூடை வெளியே வரும்போது முதல் கூடை நமத்துப்போயிருக்கும்.

கூடையை நிரப்பலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். நாலரை லிட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பது விளிம்பு வரைக்குமான கணக்கு. பாதிக்கு மேல் போட்டால் காற்று நுழைய வழியில்லாமல், நடுவில் இருப்பவை தங்கள் ஆவியிலேயே வெந்து தொளதொளவென்று வரும். காற்றுக்காக வாங்கிய சாதனத்தில் காற்று போகும் வழியை அடைத்துவிட்டு என்ன பயன்?

எண்ணெயில் பொரித்ததற்கு இது சமமா என்று கேட்டால், இல்லை. சூடான எண்ணெய் உணவை எல்லாப் பக்கமும் தொட்டுக்கொண்டு, காற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கொடுக்கும். அந்த மேலோட்டின் நொறுக்கு காற்றில் வராது. கிட்டத்தட்ட வரும், வேறு மாதிரி வரும். கடையில் வாங்கும் உறைந்த உருளைக்கிழங்கு வில்லைகள் ஏர் ஃப்ரையரில் அவ்வளவு பிரமாதமாக வருவதைப் பார்த்துச் சிலர் அசந்துபோகிறார்கள். தொழிற்சாலையிலேயே ஒரு தடவை எண்ணெயில் அரைகுறையாகப் பொரித்துத்தான் அவற்றை உறைய வைக்கிறார்கள். வீட்டில் எண்ணெய் ஊற்றவில்லை என்பதால் எண்ணெய் இல்லை என்று ஆகிவிடாது. பாக்கெட்டின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்.

உடல்நலம் என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெயில் முக்கிப் பொரிப்பதோடு ஒப்பிட்டால் கொழுப்பு குறைகிறது, அது நிச்சயம். ஆனால் ஓவனோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. அதே கிழங்கு, அதே ஒரு கரண்டி எண்ணெய்தானே! மாவுச்சத்துள்ள உணவை 120 டிகிரிக்கு மேல் காயவிட்டு வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாகிறது. எண்ணெயோ, ஓவனோ, ஏர் ஃப்ரையரோ, எதுவும் இதற்கு விலக்கல்ல. நிறம் கூடக் கூட அதுவும் கூடும். பொன்னிறத்தில் எடுத்துவிடுவது, கரும்பழுப்புக்குப் போகவிடாமல் இருப்பது, நறுக்கியதை ஊறவைத்து அலசுவது, இவைதான் நம் கையில் இருப்பவை. ஃப்ரிட்ஜில் வெகுநாள் இருந்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும் என்பதால், உள்ளே வேகும் முன்பே வெளியே கருத்துவிடும். அப்படிப்பட்ட கிழங்கை நான் வறுக்காமல் வேகவைத்துவிடுவேன்.

தோலோடு இருக்கும் கோழிக்கால், சிறகு இவையும் காற்றுக்குப் பிறந்தவை. 190 டிகிரியில் இருபத்தைந்து நிமிடம், நடுவில் ஒரு தடவை திருப்பினால் போதும். தோலில் இருக்கும் கொழுப்பு உருகிக் கீழே சொட்டிவிடுவதால் எண்ணெய் தடவக்கூடத் தேவையில்லை. ஆனால் அந்தச் சொட்டும் கொழுப்பு அடித்தட்டின் சூட்டில் புகையாகி, சமையலறையே மூட்டமாகிவிடும். கூடைக்கு அடியில் இருக்கும் தட்டில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி நீர் ஊற்றிவிட்டால் புகை அடங்கிவிடும். அப்புறம், வெளிநிறத்தை வைத்துக் கோழி வெந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஏர் ஃப்ரையரில் வெளிப்புறம் உள்ளேயிருப்பதைவிட வெகுவேகமாக ஓடும். எலும்பைத் தொடாமல் தடித்த இடத்தில் உணவு வெப்பமானியைக் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். நான் வாங்கிய சமையலறைச் சாமான்களில் பணத்துக்கு மிக நன்றாக உழைத்தது எது என்று கேட்டால் இரண்டு சாதனங்களையும் விட்டுவிட்டு இந்தச் சின்ன வெப்பமானியைத்தான் காட்டுவேன்.

முழுக்கோழி என்றால் ஓவன்தான். பெரிய கூடையில் உட்கார்ந்துவிடும் என்பது சரி, ஆனால் அதன் மார்பு மேலே இருக்கும் காயிலுக்கு மிக நெருங்கி நிற்கும். தொடைப்பகுதி வேகும் முன்பே மேல்தோல் கரிந்துவிடும். மீன் துண்டுக்கு எதுவானாலும் சரி, நான் நேரத்துக்காக ஏர் ஃப்ரையரில் வைக்கிறேன்.

காற்று பிடிக்காத கூட்டத்துக்கு வருவோம். முதல் ஆள், தளர்வான மாவில் முக்கிய எதுவும். எண்ணெயில் விழுந்த நொடியே மாவு இறுகிவிடும். காற்றில் இறுகுவதற்கு நேரம் ஆகும், அதற்குள் பாதி மாவு ஓட்டை வழியாக ஒழுகிவிடும், மீதி கூடையோடு ஒட்டிக்கொள்ளும். பிரட் தூளில் தோய்த்து, உள்ளங்கையால் அழுத்தி, மேலே கொஞ்சம் எண்ணெய் தெளித்து வைத்தால் வரும். உலர்ந்த மாவைச் சும்மா தூவினால் விசிறி அதைக் கிளப்பிவிடும், எண்ணெய் படாத இடம் வெள்ளை வெள்ளையாக அப்படியே நிற்கும்.

அடுத்தது கேக். கேக் உயர வேண்டுமென்றால் மேற்பரப்பு கொஞ்ச நேரமாவது இளகி இருக்க வேண்டும். ஏர் ஃப்ரையரில் காற்றும் காயிலும் சேர்ந்து மேலே சீக்கிரமே ஓடு கட்டிவிடும். உள்ளேயிருக்கும் மாவு உப்ப வழியில்லாமல் அந்த ஓட்டைப் பிளந்துகொண்டு எரிமலை மாதிரி கிளம்பும், அடிப்பக்கமோ வெளுத்துக் கிடக்கும். வெப்பத்தை 20 டிகிரி குறைத்து, டின்னின் வாயை அலுமினியம் ஃபாயிலால் இறுக்கி மூடி, கடைசிப் பத்து நிமிடம் மட்டும் திறந்துவிட்டால் நல்ல கேக்கே கிடைக்கும். சின்ன கப் கேக்குகள் இதைவிடச் சுலபம். ஆனால் இந்தக் காவல் வேலை எதுவும் இல்லாமல், ஓவனில் நடுத்தட்டில் வைத்துவிட்டு நான் வேறு வேலையைப் பார்க்கப் போகலாம்.

பிரட்டுக்கும் அப்படித்தான். முதல் பத்து நிமிடம் ஓவனுக்குள் நீராவி நின்றால்தான் மாவின் தோல் இளகியிருந்து நன்றாக எழும். ஏர் ஃப்ரையர் ஈரத்தை வெளியே தள்ளுவதற்காகவே செய்யப்பட்டது, அதனிடம் போய் நீராவியைப் பிடித்து வை என்றால் எப்படி? பீட்சாவுக்குக் கீழிருந்து சூடு வேண்டும். பெரும்பாலான கூடை வகைகளில் கீழே காயில் கிடையாது. மேலே சீஸ் கொதிக்கும், அடி ஈரமாகவே இருக்கும். ஓவனில் கனமான இரும்புத் தட்டை நன்றாகக் காயவிட்டு அதன்மேல் வைத்தால் வரும் அடிப்பாகத்துக்கு ஈடே இல்லை. ஆனால் நேற்று மிஞ்சிய பீட்சாவைச் சூடாக்குவது முற்றிலும் ஏர் ஃப்ரையர் வேலை. 160 டிகிரியில் நாலு நிமிடம். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகும் எதையும் இதில் வையுங்கள். உண்மையைச் சொன்னால், எங்கள் வீட்டில் இது அதிகம் ஓடுவது புதிதாகச் சமைக்க அல்ல, மிச்சத்தை உயிர்ப்பிக்கத்தான்.

உங்கள் சாதனத்தின் குணம் தெரிய ஒரு சோதனை இருக்கிறது. ஓவன் தட்டு முழுக்க பிரட் துண்டுகளை இடைவெளியில்லாமல் அடுக்கி 180 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள். எந்த மூலையில் இருக்கும் துண்டு கருக்கிறது, எது வெளுத்திருக்கிறது என்று அப்படியே வரைபடம் போல் தெரிந்துவிடும். என் ஓவனில் பின்பக்கம் இடது மூலை எப்போதும் முந்தும், அதனால் பிஸ்கட் வைத்தால் பாதி நேரத்தில் தட்டை முன்பின்னாகத் திருப்பிவிடுவேன். ஏர் ஃப்ரையரில் இதைச் செய்யும்போது துண்டு பறக்காமல் இருக்க மேலே ஒரு கம்பித்தட்டை வைக்க வேண்டும். பறக்குமா என்று கேட்காதீர்கள், கீரையும் சீஸ் வில்லையும்கூடப் பறக்கும். முக்கியமாக பட்டர் பேப்பர். உணவின் கனம் மேலே இல்லாமல் வெறும் பேப்பரைப் போட்டு முன்சூடு செய்தால் அது எழும்பிப் போய்க் காயிலில் ஒட்டித் தீப்பற்றக்கூடும். உணவோடு சேர்த்துத்தான் பேப்பரை உள்ளே வைக்க வேண்டும்.

ஓவன் செய்முறையை ஏர் ஃப்ரையருக்கு மாற்ற வெப்பத்தில் 20 டிகிரி, நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைப்பதில் தொடங்கி, முடியும் நேரத்துக்கு முன்பே திறந்து பாருங்கள். கூடையை இழுத்துப் பார்த்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, இவ்வளவு சின்ன இடம் மறுபடி சூடாக ஒரு நிமிடம்கூட ஆகாது. கேக் இருக்கும்போது ஓவன் கதவைத் திறப்பதுதான் பாவம்.

மின்சாரத்துக்கு வருவோம். 1500 வாட்ஸ் ஏர் ஃப்ரையர் இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓடினாலும் அரை யூனிட். 2400 வாட்ஸ் ஓவன் கால் மணி நேரம் சூடாவதற்கே 0.6 யூனிட் எடுத்துவிடும், சமையல் அதற்குப் பிறகுதான். பிறகு சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் விட்டுவிட்டுத்தான் காயிலை ஓட்டும் என்பதால் அடுத்த நாற்பது நிமிடத்துக்கும் ஏறக்குறைய அதே அளவு போகும், ஆக மொத்தம் 1.2 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கூடைச் சமையலில் ஏர் ஃப்ரையர் பாதிக்கும் கீழே முடித்துவிடுகிறது. மூன்று கூடை என்றால் ஒன்றரை யூனிட், லாபம் போயே போச்சு. ஓவன் சூடான நாளில் அதிலேயே இரண்டு மூன்று வேலைகளை வரிசையாக முடித்துக்கொள்வது என் வழக்கம். முதலில் பிரட், அந்தச் சூடு தணியும்போது கேக், அணைத்த பிறகு மிச்சச் சூட்டில் பிரட் தூளுக்கான துண்டுகள்.

கழுவுவதில் யார் கெட்டிக்காரர் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஓவனைத் தினமும் தேய்க்க வேண்டியதில்லை, தட்டு மட்டும்தான். ஏர் ஃப்ரையர் கூடையை ஒவ்வொரு முறையும் கழுவியாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை பழைய கொழுப்பு புகையும். வெந்நீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்தால் மெத்தென்ற பஞ்சு போதும். கம்பி நார் வேண்டவே வேண்டாம், ஒட்டாத பூச்சு போய்விடும். டப்பாவில் அழுத்தித் தெளிக்கும் சமையல் எண்ணெயும் அந்தப் பூச்சுக்கு எதிரி. அதில் சேர்க்கும் லெசித்தின் பிசினாகப் படிந்துவிடும். சாதாரண எண்ணெயைத் தெளிப்பான் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஆறிய பிறகு இயந்திரத்தைத் தலைகீழாகத் திருப்பி, காயிலை ஈரத்துணியால் துடைப்பது மாதத்துக்கு ஒரு தடவையாவது நடக்க வேண்டும். அங்கே தெறித்த எண்ணெய்தான் காரணம் தெரியாத அந்தக் கருகல் வாடைக்குக் காரணம்.

பின்பக்கம் சூடான காற்று வெளியேறும் இடத்துக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், மேலே அலமாரி இடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டக் கூடாது, நேராகச் சுவர் சாக்கெட்தான். வீட்டில் கூண்டுப் பறவை இருந்தால் அது சமையலறையில் இருக்கக் கூடாது. அளவுக்கு மீறிச் சூடான ஒட்டாத பூச்சிலிருந்து வரும் புகை நமக்குத் தெரியாமலே பறவைகளைக் கொன்றுவிடும்.

தங்கைக்குக் கடைசியில் சொன்னது இதுதான். நீங்கள் இரண்டு மூன்று பேர், பேக்கிங் பழக்கம் இல்லை, மிச்ச உணவு அடிக்கடி இருக்கும், அப்படியென்றால் ஏர் ஃப்ரையர் ஒன்றே போதும். பிரட், கேக், பெரிய விருந்து என்றால் ஓவன், அதுவும் விசிறி உள்ள ஓவன். விசிறியை ஓடவிட்டு, உணவை ஓட்டையுள்ள தட்டிலோ கம்பித்தட்டிலோ பரப்பி வைத்தால் அது ஏர் ஃப்ரையர் செய்வதில் முக்கால்வாசியைச் செய்துவிடும், நேரம்தான் கூட ஆகும். உங்கள் ஓவனில் விசிறி பொத்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். இரண்டும் ஒன்றாக வரும் பெரிய கலப்பு வகைகளில் இடம் அதிகம். ஆனால் அதே விசிறி நாலைந்து மடங்கு பெரிய இடத்தைச் சுழற்ற வேண்டியிருப்பதால் முறுகல் சற்று மட்டுப்படும். வாங்கும்போது லிட்டரைப் பார்க்காமல் கூடையின் தரை அகலத்தைப் பாருங்கள். ஆழமான வட்டக் கூடையைவிட அகலமான சதுரக் கூடையில் ஒரே அடுக்காக அதிகம் பரப்பலாம். வீட்டில் இருக்கும் கேக் டின்னின் விட்டத்தை அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் நல்லது, ஏனென்றால் டின்னைச் சுற்றி ஒரு விரல் இடமாவது காற்றுக்கு வேண்டும்.